முக்கொம்பில் தொடங்கும் கடற்கரை

2018 ஆகஸ்டில் திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு கட்டுமானங்கள் விழுந்தன. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைக்க 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் முதலில் சரிந்தன. அடுத்து, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் தெற்குப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது உடைந்து ஆற்றோடு போயின. உயிர்ச்சேதம் எதுவும் நேராதது பெரிய ஆறுதல்.

பாலத்துக்கு வயது 90. அணைக்கு 182. இரண்டும் முதுமையால் விழுந்தன என்று சொல்லப்பட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் ஒன்று சாய்ந்து விழுந்தது. 2016-இல் திறந்த புதிய பாலத்தை ஒட்டி எழுப்பிய தடுப்புச் சுவரின் ஒரு பகுதியும் அடித்துச் செல்லப்பட்டது. அந்தச் சுவருக்கு முதுமை இல்லை. பழையதற்கும் புதியதற்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவை ஊன்றி நின்ற மணல்.

அரசின் கணக்கில் ஆற்றுமணல் ஒரு கனிமம். வீடு கட்டுகிறவருக்கு அது லாரியில் யூனிட் கணக்கில் வந்து இறங்கும் சரக்கு. கொள்ளிடத்தில் கிடக்கும்போது அதே மணல் தூணைத் தாங்குகிறது, அணையின் அடியைக் காக்கிறது, குடிநீரை வடிகட்டிச் சேமிக்கிறது, வெள்ளம் வரும் ஆண்டுகளில் கிழக்கே நகர்ந்து கடற்கரைக்குத் தீனியாகிறது. சாலை, பாலம், குழாய் ஆகியவற்றை உள்கட்டமைப்பு என்கிறோம். இத்தனை வேலை செய்யும் மணலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சேர்த்துவிட்டால், காவிரிப் படுகையின் கடற்கரையைக் காக்கும் வேலை பூம்புகாரிலோ பழையாற்றிலோ தொடங்குவதில்லை என்பதும் புரிந்துவிடும். அது முக்கொம்பில் தொடங்குகிறது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கல்லணைக்கு அருகே இரண்டும் மீண்டும் நெருங்கி வருகின்றன. பிறகு காவிரி வயல்களுக்குள் பல கிளைகளாகப் பிரிந்துபோக, கொள்ளிடம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடிப் பழையாறு அருகே வங்கக் கடலில் சேர்கிறது. திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது ஆறு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுக்கே சரிகிறது. மலையிலிருந்து கொண்டுவந்த மணலை ஆறு இறக்கி வைப்பதற்கு ஏற்ற சரிவு இது. டெல்டா என்பதே இப்படி ஆறு இறக்கி வைத்த நிலம்தான்.

இரண்டு கிளைகளில் கொள்ளிடம் தாழ்வானது, நேரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரின் பெரும்பங்கைக் கொள்ளிடமே இழுத்துக்கொண்டது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய்ந்தன. இதைச் சரிசெய்யத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே ஆங்கிலேயப் பொறியாளர்கள் கற்றார்கள் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலணை வந்ததும் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. காவிரிக்குள் தண்ணீர் மிகுதியாகப் பாய்ந்து அதன் படுகையை அரிக்கவே, அடுத்த பத்தாண்டுகளுக்குள் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியிருந்தது.

மணற்படுகை ஆற்றில் தண்ணீரும் மணலும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே ஓடுகின்றன. ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ மற்றது இடம் மாறும். இந்த உறவை அந்தக் காலப் பொறியாளர்கள் கண்ணால் கண்டு திருத்தினார்கள். இன்று அதை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் தண்ணீரை அளக்கும் அக்கறையில் கால்வாசி கூட மணலை அளப்பதில் நாம் காட்டவில்லை.

தூணின் காலடியில் நடப்பது

ஆற்றில் நிற்கும் தூணில் வெள்ளம் மோதும்போது நீரின் ஒரு பகுதி பக்கவாட்டில் விலகிப் போகிறது. இன்னொரு பகுதி தூணின் முகப்பில் செங்குத்தாகக் கீழே பாய்ந்து படுகையைத் தோண்டுகிறது. தோண்டிய நீர் சுழன்றபடி தூணின் இரு பக்கமும் வளைந்து, மணலை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. இதைக் குதிரைலாடச் சுழல் என்பார்கள். வெள்ளம் ஏற ஏறப் பள்ளம் ஆழமாகும். வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் மணல் அதே பள்ளத்தை நிரப்பிவிடும். அதனால் தண்ணீர் வற்றிய பிறகு போய்ப் பார்ப்பவருக்குத் தூணைச் சுற்றிச் சமதளமான மணல்தான் தெரியும். வெள்ளத்தின் உச்சத்தில் அந்தத் தூண் எவ்வளவு ஆழத்துக்கு அம்மணமாக நின்றது என்பது தெரியாது.

பாலம் கட்டுகிறவர்கள் இந்த அரிப்பைக் கணக்கிட்டே கிணற்று அஸ்திவாரத்தை மணலுக்குள் இறக்குவார்கள். ஆனால் அவர்கள் கணக்கிடும் ஆழம் அன்றைய படுகை மட்டத்திலிருந்து தொடங்குகிறது. படுகையே இரண்டு மூன்று மீட்டர் இறங்கிவிட்டால், தூணைப் பிடித்திருக்கும் மணலில் அத்தனை மீட்டர் குறைந்துவிடும். வெள்ளம் தோண்டும் பள்ளம் அதற்குக் கீழே தொடங்கும்.

பாலத்திலிருந்து தள்ளித்தானே மணல் அள்ளுகிறோம் என்று கேட்கலாம். ஆற்றில் வெட்டிய குழி வெட்டிய இடத்தில் நிற்பதில்லை. குழியின் மேல்விளிம்பில் நீர் செங்குத்தாக விழும்போது அந்த விளிம்பு அரிக்கப்பட்டு, வெள்ளத்துக்கு வெள்ளம் மேல்நோக்கி நகர்கிறது. குழிக்குள் இறங்கும் நீர் தான் சுமந்த மணலை அங்கே போட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறி, கீழ்ப்பகுதியின் படுகையையும் கரையையும் அரிக்கிறது. அணையில் மண்ணை இழந்து வரும் நீரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அமெரிக்க ஆற்றியல் அறிஞர் மத்தியாஸ் காண்டால்ஃப் 1997-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைப் ‘பசித்த நீர்’ என்றே அழைத்தார்.

இதன் விலையைப் போர்ச்சுகல் உயிர்களாகக் கொடுத்தது. அந்த நாட்டின் டோரோ ஆற்றில் 2001 மார்ச் 4 இரவு ஒரு பழைய பாலத்தின் தூண் வெள்ளத்தில் சரிந்தது. அதன்மேல் போன பேருந்தும் கார்களும் விழுந்து 59 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக நடந்த மணல் அகழ்வால் தூணின் அடி அரிக்கப்பட்டிருந்தது.

கொள்ளிடத்தில் 2018-இல் நடந்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2013-க்குப் பிறகு மேட்டூர் அணை தன் முழு மட்டமான 120 அடியை எட்டியது 2018 ஜூலையில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கொள்ளிடத்தில் மணலைப் புரட்டிப்போடும் பெருவெள்ளம் வரவில்லை. அள்ளிய மணலுக்கு ஈடாகப் புது மணல் வர வழியும் இல்லை. அந்த நிலையில் ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்து இறங்கியது.

அணைக்கு அடியில் ஓடும் நீர்

மேலணை உடைந்தபோது வெள்ளம் உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பெருவெள்ளத்தைத் தாங்கிய அணை, தண்ணீர் குறைந்த பிறகு ஏன் விழ வேண்டும்?

மணலில் கட்டிய அணைக்கு மேலே ஓடும் நீரைப் போலவே அடியில் கசியும் நீரும் ஆபத்தானது. மேல்பக்கம் தேங்கிய நீர், மணலின் இடுக்குகள் வழியே ஊர்ந்து கீழ்ப்பக்கம் வெளியே வரும். வெளிவரும் இடத்தில் அதன் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் மணல் துகள்களையும் தூக்கிக்கொண்டு வரும். அடியில் ஒரு பொந்து உருவாகிப் பின்னோக்கி நீளும். ஒருநாள் அணையின் தளம் வெற்றிடத்தின் மேல் நிற்கும். கங்கையின் குறுக்கே இருந்த நரோரா அணை 1898-இல் தகர்ந்தபோது இந்த ஆபத்து பொறியியல் உலகுக்கு உறைத்தது. அதை முறையான கணிதமாக்கி 1936-இல் நூலாகத் தந்தவர் இந்தியப் பொறியாளர் ஏ.என். கோஸ்லா. மணற்படுகையில் கட்டும் அணைகளுக்கு இன்றும் அவர் கணக்கே அடிப்படை.

அந்தக் கணக்கின்படி ஆபத்தைத் தீர்மானிப்பது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடு. பெருவெள்ளத்தில் இரண்டு பக்கமும் நீர் உயர்ந்து நிற்பதால் வேறுபாடு குறைவு. வெள்ளம் வடிந்து, மேலே நீர் தேங்கிக் கீழே படுகை தெரியும்போதுதான் வேறுபாடு பெரிதாகிறது. கீழ்ப்பக்கப் படுகை இறங்கியிருந்தால் அது இன்னும் பெரிதாகும், கசிவு நீர் கடக்க வேண்டிய மணலும் குறையும். மேலணை விழுந்ததற்கு வயதே காரணம் என்றது அரசுத் தரப்பு. மணல் அகழ்வே காரணம் என்றார்கள் விவசாயிகளும் சூழல் ஆர்வலர்களும். இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. முதிய அணைக்குக் கீழ்ப்பக்கப் படுகைதான் ஊன்றுகோல். அது தாழ்ந்தால் முதுமை விரைவில் வெளிப்படும். உடைந்த அணைக்குப் பதிலாகச் சற்றுக் கீழே பல நூறு கோடி ரூபாயில் புதிய கதவணை எழும்பியிருக்கிறது. அதன் ஆயுளும் அதன் கீழே கிடக்கும் மணலைப் பொறுத்ததே.

மணலுக்குள் ஒரு நீர்த்தேக்கம்

திருச்சி குடிப்பது பெரும்பாலும் ஆற்றின் மேலே ஓடும் நீரை அல்ல, மணலுக்குள் ஓடும் நீரை. கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுக்குள் நிற்கும் நீர்சேகரிப்புக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியிலிருந்து துளையிட்ட குழாய்கள் நாலாபக்கமும் மணலுக்குள் கிடையாகப் போகின்றன. மணல் வடிகட்டித் தரும் நீர் அவற்றின் வழியே கிணற்றில் ஊறுகிறது.

மணல் வடிகட்டுவது இரண்டு வகையில். துகள்களின் இடுக்கில் கலங்கல் சிக்கிக்கொள்வது ஒன்று. துகள்மேல் படர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள கரிமப் பொருள்களையும் நோய்க்கிருமிகளின் பெரும்பகுதியையும் உண்டு அழிப்பது இன்னொன்று. படுகை தடிமனாக இருந்தால் நீர் மெதுவாக, நெடுந்தூரம் ஊர்ந்து வரும். நகரத்துக் கழிவுநீரின் ஒரு பங்கு இன்னும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால்களுக்குள் விழும் ஊரில் இந்த இயற்கை வடிகட்டியின் அருமை பெரிது.

சேமிப்பைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் ஊறிய பருமணல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவில் கால் பங்கு நீரை நாம் இறைத்துக்கொள்ள முடியும் என்றால், கிடைப்பது 25 கோடி லிட்டர். ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவில், பத்து லட்சம் பேர் கொண்ட ஊருக்கு ஏறத்தாழ இரண்டு நாள் தண்ணீர். ஆவியாகாத, நிலம் கையகப்படுத்தவோ கரை கட்டவோ தேவையில்லாத நீர்த்தேக்கம் இது. ஒவ்வொரு மீட்டர் மணலை அள்ளும்போதும் இந்தத் தேக்கத்தின் ஓர் அடுக்கும் போகிறது. படுகை தாழ்ந்தால் இருகரை வயல்கிணறுகளின் நீரும் ஆற்றை நோக்கி வடிந்து கீழே இறங்குகிறது.

கடலோர மாவட்டமான ராமநாதபுரத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போகும் நீரும் திருச்சிப் பக்கத்து ஆற்று மணலில்தான் ஊறுகிறது. மேலணை கொள்ளிடத்தில் விடும் நீர் கீழணைக்குப் போய், வடவாறு வழியே வீராணம் ஏரியை அடைந்து, 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணித்துச் சென்னைக்கும் போகிறது. கடலோரம் குடிப்பது ஸ்ரீரங்கத்தைக் கடந்து வரும் நீரை.

கடலுக்குப் போகாத மணல்

குடிநீர் குழாயில் கடலோரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மணலுக்கு அப்படியொரு குழாய் இல்லை. அது வெள்ளத்தில் உருண்டுதான் போக வேண்டும்.

கடற்கரை ஒரு வங்கிக் கணக்கு மாதிரி, வரவு குறைந்தும் செலவு குறையாவிட்டால் இருப்பு கரையும். சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைத் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நகர்வு வடக்கு நோக்கியே. இந்தச் செலவு ஓயாது. வரவு பெரும்பாலும் ஆறுகள் வழியே.

அந்த வரவை மறிக்கும் முதல் இடம் பெரிய அணைகள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. 1955-இல் பவானிசாகர், 1957-இல் அமராவதி. அணையில் தேங்கும் நீரில் மணல் முதலில் அடங்கிவிடும். மேட்டூருக்குக் கீழே வரிசையாக நிற்கும் கதவணைகளும் மாயனூர் கதவணையும் மீதியைத் தடுக்கின்றன. இவற்றுக்குக் கீழே சேரும் சிற்றாறுகளும் ஆற்றின் பழைய இருப்புமே திருச்சிக்கு வரும் மணல். அந்த இருப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்தது. அதைத்தான் பொக்லைன் வைத்து அள்ளினோம்.

நைல் நதியில் 1970-இல் அஸ்வான் உயரணை முடிந்த பிறகு ரொசெட்டா முகத்துவாரம் வேகமாக அரிக்கப்பட்டது. மிசிசிப்பி டெல்டா உள்ள லூசியானா, 1932 முதல் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்திருக்கிறது. 2009-இல் உலகின் 33 பெரிய டெல்டாக்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், வண்டல் வரத்து குறைவதும் நிலம் தாழ்வதும் சேர்ந்து வெள்ள ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டார்கள். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த மதிப்பீட்டில் தமிழகக் கரையின் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆற்றுமணல் பற்றாக்குறையே காரணம் என்று சொல்லக்கூடாது. துறைமுகத் தடுப்புச் சுவர்கள், தூண்டில் வளைவுகள், புயல்கள் என்று பல காரணங்கள் உண்டு. புதுச்சேரியில் துறைமுகச் சுவர் கட்டியதும் அதன் வடக்குக் கரை தேய்ந்தது எல்லாரும் அறிந்தது. ஆனால் ஆறு மணல் கொண்டுவந்தால் கடற்கரை இந்தக் காயங்களிலிருந்து ஓரளவு தேறும். வராவிட்டால் தேறாது.

கடல் நிலத்தடியிலும் வருகிறது. நன்னீர் லேசானது, கடல்நீர் கனமானது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அது கடல்நீரைச் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தி வைக்கும். அந்த ஒரு மீட்டரை இழந்தால் 40 மீட்டர் காப்பும் போகும். முகத்துவாரத்தில் படுகை தாழ்ந்து, ஆற்றுநீரும் குறையும்போது கடல் உள்ளே ஏறுவது எளிது. கடைமடை விவசாயி கிணற்றில் உப்புக் கரிக்கிறது என்று சொல்வதன் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பிச்சாவரம் அலையாத்திக் காடு நிற்கிறது. நன்னீரும் உப்புநீரும் சரியான அளவில் கலப்பதும் ஆறு வண்டல் கொண்டுவருவதும் அதற்கும் உயிர்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்து, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. ஓதம் ஏறும் ஆறுகளிலும் அது செல்லும். ஆனால் கோடை உச்சத்தில் நீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடத்தோடு நின்றுவிடும். உப்பு எட்டும் தூரம் வரை கடற்கரை என்று சட்டம் பார்க்கிறது. கடற்கரையின் மணல் எங்கிருந்து வருகிறது என்று அது பார்ப்பதில்லை. 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் திருச்சி மாவட்டம் இடம்பெறவில்லை. அது மணலுக்கான சட்டமல்ல என்றாலும், டெல்டாவின் தலையை வெளியே விட்டு உடலுக்கு வேலி போடும் பழக்கம் அதிலும் தெரிகிறது.

மணலுக்கென விதிகள் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் 2003 முதல் ஆற்றுமணல் குவாரிகளை அரசே நடத்துகிறது. எவ்வளவு சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. மூன்று மீட்டருக்கு மேல் தோண்டக்கூடாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. இவை ஒவ்வொரு குவாரியையும் தனித்தனியாக அளக்கும் விதிகள். ஆறு முழுவதற்கும் எவ்வளவு மணல் வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு இல்லாமல், ஒரு குவாரியில் மூன்று மீட்டர் தகுமா தகாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை

முதல் வேலை அளவெடுப்பு. முக்கொம்பிலிருந்து பழையாறு வரை குறிப்பிட்ட இடங்களில் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து வெளியிட வேண்டும். முசிறியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் ஏற்கெனவே நீரோட்டத்தைப் பதிவு செய்கிறது. ட்ரோனும் எதிரொலிக் கருவியும் இன்று எட்டாத பொருள்கள் அல்ல.

இரண்டாவது, வந்த மணலுக்குள் எடுப்பது. வெள்ளம் வராத ஆண்டில் வரவு சுழி. அந்த ஆண்டில் எடுப்பதும் சுழியாக வேண்டும். பாலம், கதவணை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றின் அருகே எந்த ஆண்டிலும் கைவைக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மாட்டு வண்டியில் மணல் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களையும் நினைக்க வேண்டும். ஆற்றைத் தாழ்த்தியவை அவர்களுடைய மண்வெட்டிகள் அல்ல. குறைந்த அளவே எடுக்கலாம் என்று வரும்போது அந்தப் பங்கு அவர்களுக்குப் போவதே நியாயம்.

மூன்றாவது, மணலை நகரவிடுவது. அடிமட்டம் வரை தூக்கக்கூடிய கதவுகளை வெள்ளக் காலத்தில் முழுதாகத் திறந்தால் மணலும் நீரோடு போகும். எப்போது திறப்பது என்ற விதிமுறையில் பாசனத் தேவையைப் போலவே மணலின் தேவையையும் எழுத வேண்டும். பெரிய அணைகளில் படிந்ததைத் தூர்வாரிக் கட்டடத்துக்குத் தந்தால் அணைக்கும் இடம் கிடைக்கும், ஆற்றுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நான்காவது, தேவையைக் குறைப்பது. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை. 2017-இல் மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மணல் வந்திறங்கும் நிலையைத் தமிழகமும் கண்டது. பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் உதவும். ஆனால் அதற்கும் ஒரு மலை உடைகிறது. இடித்த கட்டடங்களின் கழிவை அரைத்துத் தளத்துக்கும் நிரப்புக்கும் பயன்படுத்துவதைத் திருச்சி போன்ற வளரும் நகரம் வழக்கமாக்க வேண்டும்.

நெதர்லாந்து 2011-இல் தி ஹேக் நகருக்கு அருகே 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்துவந்து கரையோரம் கொட்டியது. அலைகளே அதைப் பரப்பிக் கரையைக் காக்கட்டும் என்பது திட்டம். மணல் கடற்கரைக்கு அரண் என்று உணர்ந்த நாடு, அதற்காகப் பெரும் பணம் செலவிட்டது. நமக்கு அந்த வேலையைக் காவிரி இலவசமாகச் செய்துவந்தது.

ஆகவே தமிழகத்தின் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் ஒரு வரைபடத்தைக் கூடுதலாகச் சேர்க்கக் கேட்கிறேன். கரையிலிருந்து உள்நோக்கி ஐந்நூறு மீட்டர் காட்டும் வரைபடம் போதாது. பழையாறு முகத்துவாரத்திலிருந்து கொள்ளிடத்தின் வழியே மேலே ஏறி, கீழணை, கல்லணை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு வரை ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மணல் இருக்கிறது, கடந்த ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று காட்டும் வரைபடம் வேண்டும். நீர்வளத் துறை மேட்டூரின் நீர்மட்டத்தை நாள்தோறும் அறிவிக்கிறது. டெல்டா விவசாயி அதைப் பார்த்தே நாற்று விடுகிறார். கொள்ளிடத்தின் படுகை மட்டத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அதே போல் அறிவிக்கட்டும். திருச்சியில் பாலம் கடப்பவரும், ராமநாதபுரத்தில் குடம் நிரப்புபவரும், பழையாற்றில் படகை இறக்குபவரும் அந்த ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்க முடியும்.